இந்தக் கடுதாசிக்கு யார் ஸ்டாம்பு ஒட்டினது?

தவளக்குப்பத்தில் எங்க பெரியம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காபி குடிச்சிட்டு இருந்தேன். பொங்கல் முடிந்து நாலு நாள் ஆகியிருக்கும். பெரியம்மா உள்ளே போய் ஒரு உறையை எடுத்து வந்து என் மடியில் போட்டாங்க.

"பாரு தம்பி, எம் பேரு போட்டு வந்திருக்கு. அவரே கைக்காசு செலவு பண்ணி அனுப்பியிருக்காரு."

பிரித்துப் பார்த்தேன். வழவழப்பான தாள், நாலாக மடித்தது. முன்பக்கம் மக்கள் பிரதிநிதி ஒருவர் கும்பிட்டபடி சிரிக்கிறார். (யார், எந்தக் கட்சி என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை, எல்லாக் கட்சியிலும் நடப்பதுதான்.) உள்ளே பொங்கல் வாழ்த்து, போட்ட ரோடுகளின் பட்டியல், திறந்து வைத்த கட்டடங்களின் படங்கள். உறையின் மேல் அசோகச் சிங்கம். பின்பக்கம் திருப்பினேன். செலவு யாருடையது என்று ஒரு வரிகூட இல்லை.

"கைக்காசுன்னு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டேன். "பின்ன யாரு காசு?" என்றார் பெரியம்மா.

எனக்குப் பதில் தெரியவில்லை. அவருடைய சொந்தப் பணமாக இருக்கலாம், கட்சிப் பணமாக இருக்கலாம், அரசு தருகிற படியாகவும் இருக்கலாம். சிங்க முத்திரையை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. பதவியில் இருக்கும் எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் தங்கள் கடிதத் தாளில் அதை அச்சிட 2007-ஆம் ஆண்டு விதிகள் இடம் தருகின்றன. பதவி போன பிறகுதான் போடக் கூடாது. ஆக, சின்னம் இருப்பதால் அரசு செலவு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

பெரியம்மாவின் கேள்வி சின்னதுதான். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு படிக்கப் போனால் முந்நூறு வருடத்துக்கு மேற்பட்ட சண்டை ஒன்று பின்னால் இருக்கிறது. சட்டம் இயற்றுகிறவர்கள் மக்கள் பணத்தில் மக்களுக்குக் கடிதம் போடலாமா? போடலாம் என்றால் எவ்வளவு, எப்போது, எதைப் பற்றி? அந்தச் சண்டையைப் பற்றிய என் குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

கையெழுத்தே ஸ்டாம்பு

ஆங்கிலத்தில் இதற்கு 'ஃப்ராங்கிங்' என்று பெயர். நம்ம ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டால் தபால் நிலையத்திலும் வங்கியிலும் முத்திரை குத்தும் மெஷின்தான் ஞாபகம் வரும். அது வேறு, அதில் காசு கட்டியாக வேண்டும். இங்கே பேசுவது பழைய அர்த்தம்: உறுப்பினர் உறையின் மூலையில் தன் கையெழுத்தைப் போட்டால் போதும், கடிதம் இலவசமாகப் போய்ச் சேரும்.

பிரிட்டனில் இது 1660-களிலேயே வழக்கத்தில் இருந்தது. அந்தக் காலத்தில் தபால் செலவு ரொம்ப அதிகம். எத்தனை மைல், எத்தனை தாள் என்று கணக்குப் போட்டு வாங்குவார்கள். பெரும்பாலும் கடிதத்தைப் பெறுகிறவர்தான் காசு கொடுக்க வேண்டும். அதனால் எம்.பி.யின் கையெழுத்துக்கு நல்ல மதிப்பு. வெற்று உறைகளில் டஜன் கணக்கில் கையெழுத்துப் போட்டு நண்பர்களுக்குக் கொடுத்தார்கள். அவை வியாபாரிகள் கைக்குப் போயின. எம்.பி.யின் கையெழுத்தைத் தாங்களே போட்டுக்கொண்டவர்களும் உண்டு.

அப்புறம் விதிமேல் விதியாக வந்தது. 1764-இல் சட்டம் போட்டு, முகவரி முழுவதையும் எம்.பி. தன் கைப்பட எழுத வேண்டும் என்றார்கள். கள்ளக் கையெழுத்துப் போட்டால் ஏழு ஆண்டு நாடு கடத்தல். 1784-இல் தேதியும் எந்த ஊரில் போடப்பட்டது என்பதும் சேர்த்து எழுத வேண்டும் என்று வந்தது. 1795-இல் எண்ணிக்கையையே கட்டிப் போட்டார்கள்: ஒரு நாளைக்கு 10 கடிதம் அனுப்பலாம், 15 கடிதம் பெறலாம், ஒன்று ஒரு அவுன்ஸ் எடைக்கு மேல் போகக் கூடாது.

இந்த விதிகளை வரிசையாகப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். ஒவ்வொன்றும் அதற்கு முன்னால் நடந்த ஒரு தில்லுமுல்லுக்குப் போட்ட பூட்டு. 'கைப்பட எழுது' என்றால், அதுவரை வெற்று உறை கைமாறியிருக்கிறது. 'தேதி போடு' என்றால், முன்கூட்டியே கட்டுக் கட்டாகக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

கடைசியில் பூட்டுப் போட்டுச் சலித்து, 1840 ஜனவரி 10-ஆம் தேதி சலுகையையே எடுத்துவிட்டார்கள். அதே நாளில்தான் ரோலண்ட் ஹில் கொண்டுவந்த ஒரு பென்னித் தபால் தொடங்கியது. நாட்டில் எங்கே அனுப்பினாலும் ஒரே கட்டணம், அரை அவுன்ஸ் வரை ஒரு பென்னி. சாதாரண ஆளுக்கே தபால் மலிவாகிவிட்ட பிறகு எம்.பி.க்கு மட்டும் எதற்கு இலவசம்?

இலவசம் எதற்கு வந்தது?

இதைப் படிக்கும்போது 'எல்லாம் திருட்டுக் கூட்டம்' என்று சொல்லிவிட்டுப் போகத் தோன்றும். ஆனால் இலவசத் தபாலுக்கு ஒரு நியாயமான காரணமும் உண்டு.

ஓட்டுப் போட்டு அனுப்பிய ஆளிடம் குறை சொல்ல வழி வேண்டும். அவர் பதில் சொல்லவும் வழி வேண்டும். பதில் சொல்வதற்கு அவர் சொந்தக் காசைத்தான் செலவு பண்ண வேண்டும் என்றால், பணக்காரர் மட்டுமே நல்ல உறுப்பினராக இருக்க முடியும். அமெரிக்காவில் 1775-இலேயே, நாடு உருவாகும் முன்பே, பிரதிநிதிகளுக்கு இந்தச் சலுகையைக் கொடுத்ததற்கு இதுதான் காரணம். அங்கேயும் முறைகேடு என்ற கூச்சல் எழுந்து 1873-இல் ரத்து செய்தார்கள். இருபது ஆண்டுகளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வந்துவிட்டது. தேவை உண்மையானது என்பதற்கு அதுவே சாட்சி.

கனடாவில் இது இருவழி. அங்கே குடிமக்களும் தங்கள் எம்.பி.க்கு ஸ்டாம்பு ஒட்டாமலே கடிதம் எழுதலாம். ஈழத்திலிருந்து போய் டொராண்டோவில் ஸ்கார்பரோ பக்கம் குடியேறிய நம் மக்களுக்கும் இந்த வசதி உண்டு. 2011-இல் அங்கிருந்துதான் ராதிகா சிற்சபைஈசன் கனடாவின் முதல் தமிழ் எம்.பி.யாகத் தேர்வானார்.

ஆக, கேட்டு எழுதியவருக்குப் பதில் எழுதும்போது பிரச்சினையே இல்லை. யாரும் கேட்காமல், எல்லா வீட்டுக்கும், சிரித்த முகத்தோடு, தேர்தல் நெருங்கும்போது போகிற கடிதத்தில்தான் சிக்கல். எதிர்த்து நிற்கப்போகிறவர் அதே கடிதத்தைத் தன் காசில் அனுப்ப வேண்டும். பதவியில் இருப்பவருக்கோ அந்த எதிராளி கட்டிய வரியும் சேர்ந்து உதவுகிறது.

அமெரிக்கா போட்ட கோடு

இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே கோடு போடுவது என்பதை ரொம்ப நுணுக்கமாக எழுதி வைத்திருப்பது அமெரிக்கச் சட்டம். 1973-இல் வந்தது. அதில் எனக்கு முக்கியமாகப் பட்டவை:

ஒன்று, எண்ணிக்கை. ஏறத்தாழ ஒரே வாசகத்தில் 500-க்கு மேல் அனுப்பினால் அது 'மொத்த அஞ்சல்'. தனிப்பட்ட கடிதத்துக்கான பதில்கள் இந்தக் கணக்கில் வராது.

இரண்டு, காலம். உறுப்பினர் போட்டியிடும் தேர்தலுக்கு முன்னால் ஒரு குறிப்பிட்ட காலத்தில் மொத்த அஞ்சல் அனுப்பக் கூடாது. 1973-இல் அது 28 நாள். போதவில்லை என்று 1981-இல் 60 நாளாக்கினார்கள்.

மூன்று, உள்ளடக்கம். உறுப்பினரைத் தனிப்பட்ட முறையிலோ அரசியல் ரீதியாகவோ புகழ்கிற விஷயம் கூடாது. ஓட்டோ நன்கொடையோ கேட்கக் கூடாது. குடும்பத்தோடு எங்கே போனார், என்ன செய்தார் என்ற கதை கூடாது. பண்டிகை வாழ்த்து அட்டை கூடாது. சாதனை செய்தவரைப் பாராட்டி எழுதலாம். அந்தச் சட்டப்படி பார்த்தால் பெரியம்மாவுக்கு வந்த பொங்கல் வாழ்த்து முதல் பக்கத்திலேயே அடிபட்டுப் போயிருக்கும்.

நான்கு, இதுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. ஒவ்வொரு மொத்த அஞ்சலிலும், இது மக்கள் வரிப்பணத்தில் தயாரித்து, அச்சிட்டு, அனுப்பப்பட்டது என்ற பொருளில் ஒரு அறிவிப்பு கட்டாயம் இருக்க வேண்டும். பெரியம்மா கேட்ட கேள்விக்கான பதில் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

இத்தனை விதி இருந்தும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 1988 நிதியாண்டில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தபால் செலவு 11 கோடி டாலரைத் தாண்டியது. தேர்தல் நடக்கும் வருடங்களில் செலவு ஏறுவதும் அடுத்த வருடம் இறங்குவதும் வழக்கமாக இருந்தது. பிறகு ஒவ்வொரு உறுப்பினரும் எவ்வளவு செலவழித்தார் என்று பெயர் போட்டு வெளியிட ஆரம்பித்தார்கள், ஆளுக்கு உச்சவரம்பும் வைத்தார்கள். அதற்கப்புறம்தான் செலவு நன்றாகக் குறைந்தது.

பிரிட்டனிலும் இந்தக் காலத்துக் கதை ஒன்று உண்டு. 1840-இல் மூடிய கதவு பிற்பாடு கட்டணம் முன்செலுத்திய உறைகள் என்ற வடிவில் திறந்தது. அதற்கு 2007-இல் ஆண்டுக்கு 7,000 பவுண்டு என்று வரம்பு வைத்தார்கள். அதே வருடம், தொகுதி மக்களுக்குச் செய்திமடல் அனுப்ப என்று தனியாக 10,000 பவுண்டு படியையும் தங்களுக்குத் தாங்களே கொடுத்துக்கொண்டார்கள். பதவியில் இருப்பவர்களுக்கு இது இலவச விளம்பரம் என்ற எதிர்ப்பு கிளம்பி, 2010-இல் அந்தப் படி போய்விட்டது. கனடாவில் எம்.பி.க்கள் அடுத்தவர் தொகுதிக்கே துண்டுப் பிரசுரம் அனுப்பிக் கட்சி வேலை பார்த்தார்கள். அதையும் 2010-இல் நிறுத்தினார்கள்.

நம்ம ஊரில்?

சரி, நம்ம கதைக்கு வருவோம்.

கம்பெனி ஆண்ட இந்தியாவில் 1854-இல் ஒரே கட்டணத் தபால் வந்தது. கால் தோலா எடைக்கு அரை அணா, தூரம் எவ்வளவு என்றாலும் சரி. 1866-இல் அரசு அலுவலகங்களுக்கென்று 'சர்வீஸ்' என்ற எழுத்து அச்சடித்த ஸ்டாம்புகள் வந்தன. அரசாங்கக் கடிதமும் காசு கட்டித்தான் போக வேண்டும், செலவு அந்தந்த அலுவலகக் கணக்கில் ஏற வேண்டும் என்பது அதன் அடிப்படை. (அப்போது தவளக்குப்பம் பிரெஞ்சு ஆட்சியில். இங்கிருந்து கடலூர் ரோட்டில் கன்னியக்கோயில், முள்ளோடை தாண்டினால் வெள்ளைக்கார ராஜ்யம். பிரெஞ்சிந்தியாவுக்குத் தனி ஸ்டாம்பே இருந்தது. 1954 நவம்பர் 1-க்கு அப்புறம்தான் நாம் இந்தியத் தபாலுக்குள் வந்தோம்.)

சுதந்திர இந்தியா எம்.பி.க்களுக்குக் 'கையெழுத்தே ஸ்டாம்பு' என்ற சலுகையைக் கொடுக்கவில்லை. அதற்குப் பதில் பணமாகக் கொடுக்கிறது. 1954-ஆம் ஆண்டு எம்.பி.க்கள் சம்பளச் சட்டத்தின் கீழ் 1988-இல் அலுவலகச் செலவுப் படி விதிகள் வந்தன. எழுதுபொருள், தபால் செலவு எல்லாம் அதில் அடக்கம். 2018-இல் அந்தப் படி மாதம் 60,000 ரூபாய். அதில் 20,000 எழுதுபொருளுக்கும் தபாலுக்கும், 40,000 உதவியாளர் சம்பளத்துக்கு. கொரோனா வந்தபோது 2020-இல் ஒரு வருடத்துக்கு எழுதுபொருள்-தபால் பங்கை 14,000 ஆகக் குறைத்தார்கள். 2025-இல் வெளியான அறிவிப்பில் மொத்தப் படி 75,000, அதில் எழுதுபொருள்-தபாலுக்கு 25,000.

இது பெரிய தொகையா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாதாரணக் கடிதத்துக்கு ஸ்டாம்பு 5 ரூபாய். 25,000 ரூபாயும் ஸ்டாம்புக்கே போனால் மாதம் 5,000 கடிதம். புதுச்சேரி ஒரே மக்களவைத் தொகுதி, 2024 தேர்தலில் வாக்காளர்கள் 10 லட்சத்துக்கும் மேல். எல்லாருக்கும் ஒரு கடிதம் போட 200 மாதம் ஆகும், அதாவது 16 வருடத்துக்கு மேல். தாள், உறை, அச்சுக்கூலி இன்னும் சேர்க்கவே இல்லை.

அதனால் நம்ம நாட்டில் எம்.பி.யின் தபால் படியை வைத்து யாரும் தேர்தலில் ஜெயித்துவிட முடியாது. சலுகைக்குப் பதில் வரம்புள்ள பணம் கொடுத்தது ஒரு வகையில் புத்திசாலித்தனம். பிரிட்டன் 180 வருடம் பூட்டுப் போட்டுப் பார்த்த பிரச்சினை இங்கே முளைக்கவே இல்லை.

ஆனால் அந்த இடத்தில் முளைக்காமல் வேறு இடத்தில் முளைத்தது.

கடிதம் போய் வாட்ஸ்அப் வந்தது

இந்தியாவில் பெரிய செலவு எம்.பி.யின் உறையில் இல்லை, அரசாங்கத்தின் விளம்பரத்தில் இருக்கிறது. அதைக் கேள்வி கேட்டு 'காமன் காஸ்' என்ற அமைப்பு உச்ச நீதிமன்றம் போனது. வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவில் 1973-இல் இலவசத் தபாலை எதிர்த்து வழக்குப் போட்ட அமைப்பின் பெயரும் காமன் காஸ்தான். இரண்டும் வேறு வேறு அமைப்புகள். நம்முடையது எச்.டி. ஷோரி 1980-இல் தொடங்கியது.

பேராசிரியர் மாதவ மேனன் தலைமையில் ஒரு குழு நெறிமுறைகளை எழுதியது. 2015 மே 13-இல் தீர்ப்பு. அரசு விளம்பரம் ஆளுங்கட்சியின் அரசியல் நலனை வளர்க்கக் கூடாது. குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி படங்கள் மட்டும் போடலாம் என்றது நீதிமன்றம். மாநிலங்கள் மறுபரிசீலனை கேட்டன. 2016 மார்ச்சில் ஆளுநர், முதலமைச்சர், அமைச்சர்கள் படங்களுக்கும் அனுமதி கிடைத்தது. எந்தப் படம் என்பதுதான் ஊர் முழுக்கப் பேச்சாக இருந்தது. ஆனால் நம்ம விஷயத்துக்கு முக்கியமானது வேறு. தேர்தலுக்குச் சற்று முன்னால் அரசு விளம்பரங்களுக்குத் தடை வேண்டும் என்று குழு சொல்லியிருந்தது. தனியாக அப்படி ஒரு தடை தேவையில்லை என்று நீதிமன்றம் விட்டுவிட்டது.

அந்த ஓட்டை எப்படி இருக்கும் என்று 2024-இல் பார்த்தோம். மார்ச் 16-ஆம் தேதி மக்களவைத் தேர்தல் அறிவிப்பு. அதையொட்டி 'விக்சித் பாரத் சம்பர்க்' என்ற கணக்கிலிருந்து பிரதமரின் கடிதத்தோடு வாட்ஸ்அப் செய்திகள் நாடெங்கும் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன. அரசுத் திட்டங்களைச் சொல்லிக் கருத்துக் கேட்கிற செய்தி. தேர்தல் நடத்தை விதி வந்த பிறகும் வருகிறதே என்று புகார்கள் போயின. மார்ச் 21-ஆம் தேதி, உடனே நிறுத்துங்கள் என்று மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்குத் தேர்தல் ஆணையம் உத்தரவிட்டது. செய்திகள் மார்ச் 16-க்கு முன்பே அனுப்பப்பட்டவை, நெட்வொர்க் காரணங்களால் சில தாமதமாகப் போயிருக்கலாம் என்றது அமைச்சகம்.

இதில் யாரைக் குறை சொல்வது என்பதைவிட, விதி எங்கே தொடங்குகிறது என்பதைப் பாருங்கள். நம் நடத்தை விதி அறிவிப்பு வந்த நாளிலிருந்துதான் உயிர் பெறும். புதுச்சேரியில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19. அதாவது நமக்குப் பாதுகாப்பு 34 நாள். அமெரிக்க முறையில் வாக்குப்பதிவிலிருந்து 60 நாள் பின்னோக்கி எண்ணினால் பிப்ரவரி 19-லேயே கதவு மூடியிருக்கும். (அந்தச் சட்டம் அவர்களுடைய நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கானது, இது நிர்வாகத்தின் செய்தி. இரண்டும் ஒன்றில்லை. எண்ணும் முறையைத்தான் ஒப்பிடுகிறேன்.) அங்கே வாக்குப்பதிவு நாள் வருடக்கணக்கில் முன்பே தெரியும். இங்கே அறிவிப்பு எப்போது என்பது கடைசிவரை ஊகம்தான். அறிவிப்புக்கு முந்தின நாள் அனுப்பினாலும் விதிப்படி சரி.

வேட்பாளரின் செலவுக் கணக்கிலும் இதே ஓட்டை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 77-ஆம் பிரிவுப்படி வேட்புமனு தாக்கல் செய்த நாளிலிருந்து முடிவு அறிவிக்கும் நாள்வரை செய்த செலவுதான் கணக்கில் வரும். பொங்கலுக்கு வந்த வாழ்த்து எந்தக் கணக்கிலும் ஏறாது.

அப்புறம் இன்னொன்று. ஸ்டாம்பு ஒட்டுகிற காலத்தில் ஒவ்வொரு கடிதத்துக்கும் காசு. அந்தச் செலவே ஒரு வேகத்தடை. லட்சம் பேருக்கு அனுப்பினால் தபால் மூட்டை கண்ணுக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் மூட்டையும் இல்லை, தேதி முத்திரையும் இல்லை. 1784-இல் பிரிட்டன் கேட்ட 'எந்த ஊர், எந்தத் தேதி' என்ற கேள்வியை நாம் இப்போது போனைப் பார்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

ஒரு வரி போதும்

எனக்குப் பெரிய சீர்திருத்தம் எதுவும் தோன்றவில்லை. ஒரே ஒரு வரி தோன்றுகிறது. அதற்கு முன்மாதிரியும் நம் சட்டத்திலேயே இருக்கிறது.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவு. தேர்தல் துண்டறிக்கை, சுவரொட்டி எதுவானாலும் அச்சிட்டவர் பெயரும் முகவரியும், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் முகப்பில் இருக்க வேண்டும். மீறினால் ஆறு மாதம்வரை சிறை, அல்லது 2,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். அரியாங்குப்பத்தில் ஒரு சின்ன அச்சகத்துக்காரருக்குக்கூட இது தெரிந்திருக்கும். அந்த வரி இல்லாமல் தேர்தல் நோட்டீஸ் அடித்துத் தர மாட்டார். ஆனால் தேர்தலில் ஒரு வேட்பாளரை ஜெயிக்க வைக்கவோ தோற்கடிக்கவோ அடித்த நோட்டீசுக்குத்தான் இது. பொங்கல் வாழ்த்து என்ற பெயரில் வந்தால் பிரிவு பேசாது.

மக்கள் பிரதிநிதி பதவியின் பெயரில் மொத்தமாக அனுப்புகிற எதிலும், அது தாளோ வாட்ஸ்அப்போ, 'இதன் செலவு: சொந்தப் பணம்', 'கட்சிப் பணம்', 'அரசுப் பணம்' என்று மூன்றில் ஒன்றை எழுத வேண்டும் என்று வைத்தால் என்ன? அனுப்புவதைத் தடுக்க வேண்டாம். வாசிக்கிறவருக்கு உண்மை தெரிந்தால் போதும்.

அது வரும்வரை நம் கையில் இருப்பவை இரண்டு. அரசுப் பணம் என்று சந்தேகம் வந்தால், அந்தத் துறைக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேட்கலாம்: எத்தனை பிரதி, எந்தத் தலைப்பில் செலவு, தபால் செலவு எவ்வளவு. மத்திய அரசு அலுவலகம் என்றால் கட்டணம் 10 ரூபாய். நடத்தை விதி அமலில் இருக்கும்போது வந்தால் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் படம் எடுத்துப் போடலாம். 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை எடுப்பதுதான் அதன் இலக்கு.

பீரோவில் இருந்த கடிதம்

கிளம்பும்போது பெரியம்மாவிடம் கேட்டேன், "நீங்க யாருக்காவது கடுதாசி எழுதியிருக்கீங்களாம்மா?"

எழுதியிருக்காங்க. சில வருடம் முன்னால், தெருவில் மழைத்தண்ணி போக வழியில்லை என்று, பக்கத்து வீட்டுப் பெண்ணை எழுதச் சொல்லி, ஒரு மக்கள் பிரதிநிதிக்கு அனுப்பியிருக்காங்க. பதில் வந்ததாம். பீரோவைத் திறந்து, ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்துக் காட்டினாங்க. அரைத் தாள். தங்கள் மனு கிடைக்கப்பெற்றது, உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது, அவ்வளவுதான். படம் இல்லை, வாழ்த்து இல்லை. உறையில் 5 ரூபாய் ஸ்டாம்பு, மேலே தபால் முத்திரை.

"வேலை நடந்துச்சா?"

"பாதி நடந்துச்சு. முனையில இன்னும் தண்ணி நிக்குது. ஆனா கேட்டதுக்குப் பதிலு போட்டாங்களே."

இலவசத் தபாலைக் கண்டுபிடித்தவர்கள் மனதில் வைத்திருந்தது இந்த அரைத் தாளைத்தான் என்று நினைக்கிறேன். அதன் செலவு என் வரிப்பணத்திலிருந்து போயிருந்தால் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

வழவழப்புக் கடிதம் என்ன ஆச்சு என்று கேட்கிறீர்களா? அடுத்த வாரம் போனபோது சமையலறை அலமாரியில் மிளகாய்த்தூள் டப்பாவுக்கு அடியில் விரித்திருந்தது. செலவு யாருடையது என்று கண்டுபிடிக்க அச்சகத்தின் பெயராவது இருக்கிறதா என்று டப்பாவைத் தூக்கி இன்னொரு தடவை பார்த்தேன். இல்லை.

உங்க வீட்டுக்கும் இப்படி ஏதாவது வந்திருந்தால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. யார் செலவு என்று எழுதியிருந்தால் எனக்குச் சொல்லுங்க. அப்படி ஒன்றைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.